பதினாறு பேர் எங்கே உட்காருவார்கள்

எழுபத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதம். ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் டென்மார்க் எஞ்சினியர் படித்துப் போட்ட இங்கிலீஷ் பத்திரிகையை எடுத்துக்கொண்டேன். ஐரோப்பாவில் ஒன்பது நாட்டு மக்கள் ஒரே நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். அவர் நாட்டுக்குப் பதினாறு இடம். அரைவட்ட மண்டபத்தின் படமும் போட்டிருந்தது. அந்தப் பதினாறு பேரும் சேர்ந்து உட்கார மாட்டார்களாம். கொள்கைப்படி பிரிந்து, மற்ற நாட்டுக்காரர்களோடு கலந்து உட்காருவார்களாம். அரசியல் பாடத்தில் பி.ஏ. முடித்துவிட்டு டைம்கீப்பராக இருந்த எனக்கு இது போதாதா? கேம்ப் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அந்த வாரமே மெஸ் கமிட்டிக்கு ரூமுக்கு ஒருவராக ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எங்கள் தமிழ் ரூமில் எல்லாக் கையும் எனக்குத்தான் உயர்ந்தது. நாகர்கோவில் வெல்டர் அண்ணன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

“லேய் எம்.பி., நம்ம ரேடியோவ மட்டும் விட்டுராத.”

சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை மெஸ் ரேடியோவில் சிற்றலையில் தமிழ்ப் பாட்டு வரும். எங்களுக்கு ஊர் என்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். ஆனால் மெஸ்ஸின் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நைட் டூட்டிக்காரர்கள் தூங்கும் ரூம்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முதல் பேச்சே ரேடியோதான். நைட் டூட்டி ரூமிலிருந்து வந்த பாகிஸ்தான் கிரேன் ஆபரேட்டர் சத்தம் போடவில்லை. போன வாரம் லோடு மேலே தொங்கும்போதே கண் சொருகிவிட்டது என்று ஹிந்தியில் சொன்னார். “நீந்த் சாஹியே, பாய்,” என்றார், தூக்கம் வேண்டும் என்று. கை தூக்கியதில் மூன்றுக்கு மூன்று. பாக்கி நான். அவர் கேட்டது நியாயம். அந்த அரைவட்டப் படமும் கண் முன்னால் நின்றது. ரேடியோவை நிறுத்தக் கை தூக்கினேன்.

ரூமுக்குத் திரும்பி, கொள்கை, கட்சி, பதினாறு பேர் என்று வேகவேகமாக விளக்கினேன். அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

“அவனுவ ஓட்டு போட்டுட்டு அவனவன் வீட்டுக்குப் போவானுவ. நீ இந்த ரூமுக்குல்லா வரணும்?”

பிறகு யாரும் என்னை எம்.பி. என்று கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை. கேட்டால் உப்பை நகர்த்தி வைப்பார்கள், அவ்வளவுதான்.

ஓட்டுப் போட்ட பிறகு அந்தப் பதினாறு பேரும் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று எஞ்சினியரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தெரியாது என்றார்.

அன்று ஆறு மணிக்குப் பழக்கத்தில் மெஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ரேடியோவின் மேல் துணி போர்த்தியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கிரேன்காரரின் குறட்டை. ஏழு மணி வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.