மோரில் கலந்த மருந்து

சுனாமிக்கு அடுத்த வருஷம், ஆடி மாதம். காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த என் கணவரின் வாய் கோணியது. டம்ளர் நழுவி விழுந்தது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். பேச்சும் வலது கையும் வரவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த மனுஷர், சோற்றுக்கு வாயைத் திறந்து காத்திருந்தார். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

செய்தி கேட்டு அவர் தம்பி பிரான்சிலிருந்து வந்தார். பெட்டி நிறைய கேப்சூல். திராட்சை விதை, கின்கோ என்ற மரத்தின் இலை இவற்றின் சத்து.

"ஆன்டி-ஆக்சிடன்ட் அண்ணி. மூளையக் காப்பாத்தும்."

"டாக்டரக் கேக்காம வேணாம் தம்பி."

"வெறும் செடி அண்ணி. செடி என்ன பண்ணிடப் போவுது?"

"அரளியும் செடிதானே?"

அவர் சிரித்தார். பேச்சு அதோடு நின்றது. ஆனால் மறுநாள் முதல், அண்ணனுக்கு மோர் கொடுக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். எனக்கு உறுத்தியது.

சில நாளில் கணவரின் கையில் நீலத் திட்டுகள். பல் துலக்கினால் ரத்தம். டாக்டர் மாத்திரையைச் சந்தேகப்பட்டேன். கை பிடித்துவிட வந்த பெண்ணையும் விடவில்லை. தம்பியைச் சந்தேகப்படவோ கூசியது. தங்கமான பிள்ளை என்று தெருவே சொன்னது. கணவரைக் கேட்கலாமென்றால் அவருக்கு வாயில்லை.

"ஆண்டவரே, யாரை நம்புறதுன்னு தெரியல. நீரே காட்டும்" என்று மாதா கோயிலில் முழங்காலில் நின்று கதறினேன். அன்று சாமியாருக்குக் காய்ச்சல். பூசை இல்லை என்றார்கள். உடனே வீடு திரும்பினேன்.

அடுப்படியில் தம்பி கேப்சூலைப் பிரித்து மோரில் கொட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் டம்ளரை மறைக்கப் பார்த்தார். "அண்ணன் பேசணும் அண்ணி. அதுக்குத்தான்" என்று அழுதார்.

குப்பிகளோடு டாக்டரிடம் ஓடினோம்.

"ரத்தம் உறையாம இருக்க நான் மாத்திரை குடுத்திருக்கேன். இதுங்களும் அதே வேலையச் செய்யக்கூடும். மூளையிலயே ரத்தம் கசிஞ்சிருந்தா என்னம்மா பண்ணுவீங்க? இது மூளையக் காக்குமான்னு இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது" என்றார். தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

குப்பிகளை ஒதுக்கினோம். திட்டுகள் மறைந்தன. தம்பி ஊருக்குப் போவதைத் தள்ளிவைத்து, அண்ணனுக்குத் தினமும் பயிற்சி கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு காலை, என் கணவர் திக்கித் திக்கி என் பெயரைச் சொன்னார். கை முழுதாக வரவில்லை. அதனாலென்ன?

முன்பெல்லாம் சந்தேகம் வந்தாலே விசுவாசக் குறைவென்று பயப்படுவேன். இப்போது அதையும் ஆண்டவர் காலடியில் வைக்கிறேன். அன்பானவர்களே, உங்கள் மனதை உறுத்துவதை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். எனக்குக் காட்டியவர் உங்களுக்கும் காட்டுவார்.