லாபம் போட்டு அளந்த கதவு

காரைக்காலில் வீடு இருந்தால் சனிக்கிழமைக்கு உறவுக்காரர்கள் உண்டு. திருநள்ளாறு வருகிறவர்களுக்கு முதல் நாள் படுக்க ஓர் இடமும் விடிந்ததும் குளிக்க ஓர் அறையும் வேண்டும். அந்த வாரம் வரவிருந்தவர்கள் என் மனைவியின் அக்காவும் அவள் கணவரும், அதாவது என் சகலை. எங்கள் குளியலறைக்குக் கதவு இல்லை.

இருந்த கதவு அடியில் உளுத்துப் போயிருந்தது. பிளாஸ்டிக் கதவு வாங்கி மாட்டிவிடலாம் என்றாள் மனைவி. நானே மரத்தில் செய்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லி, அதே வேகத்தில் பழையதைக் கழற்றி எறிந்தேன். அந்த இடத்தில் ஒரு போர்வை தொங்கியது.

"அக்கா வர்றப்பல்லாம் நம்ம வீட்டுல எதையாவது பாத்து உச்சுக் கொட்டிட்டுத்தான் போவா. இந்தத் தடவ அதுக்கு எடம் வைக்காதீங்க" என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. கல்யாணமான நாளாக அந்த உச்சுக்கொட்டல் அவளை அரித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

நல்ல வேலைக்கு முதலில் நல்ல அளவுகோல் வேண்டும் என்று ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் ஒரு டேப்பை எடுத்துக் கொடுத்தார். அதன் நுனியில் இருந்த கொக்கியை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. வேறு கேட்டேன். அதுவும் ஆடியது. கத்தரிக்காய் பொறுக்குவது போல டப்பா முழுவதையும் கொட்டிப் பொறுக்கினேன். அத்தனையும் ஆடின.

"எல்லா டேப்பும் ஆடும் சார். துபாய்லயும் ஆடுது, பாரிஸ்லயும் ஆடுது" என்றார் பாய்.

கொக்கியின் தடிமனை ஈடுகட்டத்தான் அதை அப்படி ஆடவிடுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு உலகமே சேர்ந்து ஏமாற்றுகிறது என்றுதான் தோன்றியது. மடக்கு ஸ்கேலைக் காட்டினார். அதன் மூட்டுகள் ஆடின. துணி டேப்பை இழுத்தால் நீண்டது. சுவரில் சிவப்புப் புள்ளி அடித்து அளவு சொல்லும் கருவி ஒன்று வைத்திருந்தார். பேட்டரி தீரும் நேரத்தில் அது என்ன சொல்லும் என்று கேட்டேன். பாய் கடைப் பையனை டீ வாங்கிவரச் சொன்னார், தனக்கு மட்டும். கடைசியில் ஓர் அடி நீள இரும்பு ஸ்கேலை வாங்கினேன். அது ஆடாது, மடங்காது, நீளாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குளியலறை வாசலின் உயரத்தை அந்த ஸ்கேலால் கீழிருந்து மேலாக அளந்தேன். நான் ஸ்கேலை ஏற்ற ஏற்ற, மனைவி பென்சிலால் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். அவள் சுரக்குடியில் நெல் விளைவிக்கிற குடும்பம். அங்கே களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அந்தப் பழக்கத்தில், "லாபம், ரெண்டு, மூணு" என்று தொடங்கி, "ஆறு. சரியா ஆறடிங்க" என்று முடித்தாள்.

நான் பள்ளியில் கணக்கு நடத்துகிறவன். என் பரம்பரையில் யாரும் நெல் அளந்ததில்லை. லாபம் என்றால் கொசுறு, அது கணக்கில் வராது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒன்று என்று சொல்லாமல் நேராக இரண்டுக்குத் தாவிவிட்டாளே, பாவம். சொல்லிக்காட்டினால் மனம் நோகும் என்று, பெருந்தன்மையாக ஓர் அடியை மனத்துக்குள்ளேயே கழித்துக்கொண்டேன்.

மரவாடியில் ஐந்தடிக்குப் பலகை அறுக்கச் சொன்னேன்.

"பாத்ரூம் கதவுக்கு அஞ்சடி போதுமா சார்?" என்றார் அறுக்கிறவர்.

"அளந்தாச்சு" என்றேன்.

மொட்டை மாடியில் பலகைகளைச் சேர்த்து அடித்து வார்னிஷ் பூசினேன். நிமிர்த்தியபோது கதவு என் தோள் வரைதான் வந்தது. கண்தான் ஏமாற்றும், இரும்பு ஏமாற்றாது என்று தேற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை மாட்டினோம். மேலே ஓர் அடிக்கு ஆகாயம். மனைவி கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "லாபத்த எங்கங்க விட்டீங்க?" என்றாள். கதவை மேலே ஏற்றி மாட்டினால் கால் தெரியும்; கீழே இருந்தால் தலை தெரியும். எது குறைந்த அவமானம் என்று நாங்கள் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது.

விடிந்ததும் சகலை குளிக்கப் போனார். ஆறடி மனிதர். தலையில் நல்லெண்ணெய் வழிய, கதவுக்கு மேலே முழு முகமும் தெரிய, ஹாலில் இருந்த என்னைப் பார்த்து, "என்ன சகலை, பள்ளிக்கூடம்லாம் எப்படிப் போகுது?" என்று விசாரித்தார். நான் எழுந்து நின்று பதில் சொன்னேன்.

அக்கா காபி டம்ளரோடு வந்து நின்றாள். உதட்டைக் குவித்தாள். உச்சுக்கொட்டல் வருவதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"நாந்தான்க்கா இப்படிக் கேட்டேன். முழுசா அடைச்சா மூச்சு முட்டுது. இப்பல்லாம் இப்படித்தான் வைக்கிறாங்க. இவங்க ரெண்டு நாளா உக்காந்து, நான் சொன்ன அளவுல அப்படியே செஞ்சு குடுத்தாங்க."

அக்காவின் உதடு விரிந்தது. கதவைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான்டி இருக்கு, காத்தோட்டமா" என்றாள். எனக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

அவர்கள் கிளம்பிப் போனதும், "நாளைக்கே பிளாஸ்டிக் கதவு வாங்கிட்டு வந்துர்றேன்" என்றேன்.

"வேணாம். அடுத்த தடவ வந்தா கேப்பா" என்றாள். பாய்களைச் சுருட்டினாள். "எங்க அக்காகிட்ட இன்னிக்குத்தாங்க மொத மொதல்ல பொய் சொல்லிருக்கேன்."

கதவு அப்படியே இருக்கிறது. நான் உட்கார்ந்து குளிக்கிறேன்.