கிழக்கு வரப்பு நண்டு வளைகள்

மரக்காணத்து உப்பளத்தில் முப்பது வருஷமாக நானும் என் மனைவியும் வேலை செய்கிறோம். போன கோடையில் ஓசூரில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். கூட இருந்து பார்த்துக்கொள்ள மனைவி கிளம்பினாள். ஒரு மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் போனாள்.

இரண்டாம் வாரமே கடைசிப் பாத்தியில் உப்பு விழுவது நின்றுபோனது. மோட்டார் இறைக்கும் உப்புத்தண்ணீர் முதல் பாத்தியில் விழுந்து, வெயிலில் சுண்டி, பாத்தி பாத்தியாக இறங்கி, கடைசிப் பாத்திக்கு வரும்போது கெட்டியாகியிருக்க வேண்டும். மூன்றாவது பாத்தி வரை சரியாகத்தான் இருந்தது. கடைசியில் மட்டும் நீர்த்துக் கிடந்தது. மோட்டாரைத் திட்டினேன், மடையைப் பிரித்துக் கட்டினேன், மேகத்தையும் விடவில்லை. வீட்டுக்குப் போனால் திட்டக்கூட ஆள் இல்லை. கொடியில் அவள் விட்டுப்போன பழம்புடவையைப் பார்த்துக்கொண்டே சோறு தின்பேன்.

போனில் புலம்பியபோது கேட்டாள்: "கிழக்கால வரப்புல நண்டு வளைங்கள அடைச்சீங்களா?"

"இன்னா வளை?"

"தெனமும் நான்தான் மிதிச்சி அடைச்சிக்கினு வருவேன். இல்லன்னா மொத பாத்தி தண்ணி கடைசி பாத்தியில கசிஞ்சிடும்ங்க."

அந்த வரப்புக்கு ஒரு பக்கம் முதல் பாத்தி, மறுபக்கம் கடைசிப் பாத்தி. காலையில் நேர்வழியை விட்டுவிட்டு அதன் வழியாகச் சுற்றித்தான் வருவாள். "மகாராணி ஊர்வலம் வர்றாங்க" என்று இத்தனை வருஷமும் கிண்டல் செய்திருக்கிறேன். சிரிப்பாளே தவிர, காரணம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து நானும் சுற்றிவந்தேன். வளைகளில் சேறு வைத்துக் குதிகாலால் மிதித்தேன். இங்கேதானே தினமும் தனியாக நடந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளை உடனே பார்க்க வேண்டும் போலிருந்தது. எட்டாம் நாள் கடைசிப் பாத்தியில் உப்பு பூத்தது.

சந்தோஷம் தாங்காமல் அங்கேயே நின்று போன் போட்டேன். "உப்பு விழுந்துடுச்சி! தெனமும் நானே அடைக்கிறேன்."

"அப்பாடா!" என்றாள். "அங்க இன்னா ஆவுதோன்னு அதே கவலையா இருந்துச்சி. கொழந்த ஒரே அழுவ, இவளால தனியா முடியல. நீங்கதான் பாத்துக்கிறீங்களே, இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றேங்க."

"இரு, இரு" என்றேன். வேறென்ன சொல்வது?

போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்தேன். காலையில் நான் அடைத்த சேற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு நண்டு வெளியே வந்தது. அந்த ஒரு வளையை மட்டும் அன்று நான் மறுபடி அடைக்கவில்லை.