எட்டேகால் மணிக்காரர்

அவளுக்கு இன்னதுக்குத்தான் பயம் என்றில்லை. நாயைக் கண்டால் பயம், நாயில்லாத வெறும் சங்கிலியைக் கண்டாலும் பயம். லிஃப்டில் ஏறினால் பாதியில் நின்றுவிடும் என்று பயம். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்ப்பாள். யாராவது கதவைத் தட்டினால் முதலில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள், அப்புறம்தான் யாரென்று கேட்பாள். அண்ணன் வீட்டின் பின்னறையில் தையல் மெஷின் போட்டுக்கொண்டு, ஊரார் பேன்ட்டுக்கெல்லாம் நீளம் குறைத்துக் கொடுத்தே ஐம்பத்தொரு வயதாகிவிட்டது.

"இவ தன் நிழலுக்கே வழி விட்டு ஒதுங்கி நிப்பா" என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். பயந்தவர்களைக் கேலி செய்வது நமக்கெல்லாம் இனாமாகக் கிடைத்த பொழுதுபோக்கு. அவளும் கூடவே சிரித்து வைப்பாள்.

சபையில் சேவைக்கு ஆள் சேர்த்தபோது ஒவ்வொருவரும் எழுந்து ஒன்றொன்றைக் கேட்டு வாங்கினார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரி, ஒருத்தர் சிறை, இன்னொருவர் அரிசி மூட்டை தூக்கி வீடுவீடாகக் கொடுப்பது. இவள் கடைசி பெஞ்சில் தையல் ஊசி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். போதகரம்மா பக்கத்தில் வந்து, "உனக்குன்னே ஒரு வேலை வச்சிருக்கேன், வீட்டு வாசப்படி தாண்ட வேண்டாம்" என்றாள்.

வேலை இதுதான். தனியாக வாழும் முதியவர்கள் இருபத்துமூன்று பேர், சபையைச் சேர்ந்தவர்களும் சேராதவர்களும். தினமும் காலை எட்டு மணியிலிருந்து ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிட வேண்டும். எடுத்து இரண்டு வார்த்தை பேசினால் நோட்டில் ஒரு டிக். எடுக்காவிட்டால் பத்து நிமிஷ இடைவெளியில் மூன்று தரம். அப்போதும் எடுக்காவிட்டால், ஆலய அலுவலகத்தில் மாட்டியிருக்கும் அந்த வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் போக வேண்டும். தனியாக ஒருவர் போகக் கூடாது.

இரண்டு வருஷமாக அவள் ஒரு நாள் தவறியதில்லை. அந்த இருபத்துமூன்று பேரில் ஒருவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை, அவர்களை நேரத்தை வைத்துத்தான் தெரியும். எட்டு மணிக்காரிக்கு மூட்டு வலி. எட்டு ஐந்துக்காரி நேற்று கண்ட கனவைச் சொல்வாள். எட்டேகால் மணிக்காரர் சத்தம் போடுவார்.

அவர் முப்பது வருஷம் பாய்லர் அறையில் வேலை பார்த்தவர், மனைவி போனபின் நாலாவது மாடியில் தனியாக இருக்கிறார், முழங்கால் தேய்ந்து இரண்டு வருஷமாகக் கீழே இறங்கவில்லை. நோட்டில் இவ்வளவுதான் எழுதியிருந்தது. ஃபோனை எடுத்ததும் "இருக்கேன்! இன்னும் சாகல! வையி!" என்று ஒரு கத்து. அவ்வளவுதான், டக்கென்று வைத்துவிடுவார். அவரைக் கூப்பிடும் முன் அவள் ஒரு மடக்கு தண்ணீர் குடித்துக்கொள்வாள்.

திங்கட்கிழமை அவர் வழக்கத்தை விடக் கூடுதலாகவே கத்தினார். "தெனமும் நான் செத்துட்டேனான்னு பாக்கத்தானே கூப்பிடுற? வேற என்ன தெரியும் உனக்கு?" எட்டு இருபதுக்காரியிடம் பேசும்போது குரலே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை எட்டேகால் ஆனது. விரல் அந்த எண்ணுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. மனுஷன் கல்லு மாதிரி இருக்கிறார், ஒரு நாள் கூப்பிடாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு டிக் போட்டுவிட்டாள். டிக் மற்ற டிக்குகளைப் போலவேதான் இருந்தது. புதன்கிழமை இன்னொன்று. இரண்டாவது பொய் முதல் பொய்யை விடச் சுலபமாக வந்தது, அதுவே அவளுக்குப் புதிய பயம்.

வியாழக்கிழமை மனசாட்சி தாங்காமல் கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் ஏச்சுக்காகக் காதைத் தயார்ப்படுத்திக்கொண்டு காத்திருந்தாள், ஏச்சு வரவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி. இன்னும் பத்து நிமிஷம் கழித்து மறுபடி. மூன்றாவது தரமும் மணி அடித்து ஓய்ந்தது. செவ்வாய்க்கிழமையே விழுந்திருந்தால்? இரண்டு நாளாகத் தரையில் கிடந்து, எட்டேகால் மணிக்கு இவள் கூப்பிடுவாள், பேச்சில்லை என்றால் ஆள் வரும் என்று காத்துக் கிடந்திருந்தால்?

அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். எல்லாரும் சிறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருந்தார்கள். ஆலயக் காவலாளி மட்டும்தான் இருந்தார்.

"சாவி எங்கிட்ட இருக்கு. ஆனா தனியாப் போகக் கூடாதேம்மா. நீ வாயேன்."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

பாதி தைத்த பேன்ட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினாள். வாசலில் நாய் படுத்திருந்ததா இல்லையா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அடுக்குமாடி வாசலில் ஆலயக் காவலாளி சாவியோடு நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட் கதவு திறந்ததும் அவளும் உள்ளே ஏறினாள். அது மேலே போகும்போது காவலாளி சாதாரணமாகத்தான் கேட்டார். "நேத்து எடுத்தாரா?"

"எடுத்தார்" என்றாள்.

"அப்ப பயப்படாதே. ஒரு ராத்திரிதானே ஆகுது."

அவர் ஆறுதலாகச் சொன்ன அந்த வார்த்தை அவளை அப்படியே உலுக்கியது. இப்போது அது நோட்டில் மட்டும் இருக்கும் பொய் இல்லை. டாக்டர் வந்து கேட்டால் அவரும் நேற்று வரை நன்றாக இருந்தார் என்றுதான் எழுதுவார்.

காவலாளி கதவைத் தட்டினார், குரல் கொடுத்தார், சாவியைப் போட்டார். அவள் முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி பின்னால் நுழைந்தாள்.

யாரும் இல்லை. கட்டில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. குளியலறை காலி. சமையலறையில் ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. சுவரில் தினமும் தாள் கிழிக்கும் காலண்டர். அவள் ஓடிப்போய் அதைத்தான் பார்த்தாள். இன்றைய தேதி தெரிந்தது. நேற்றைய தாளைக் கிழிக்க ஆள் இருந்திருக்கிறார். ஒரு நொடி மூச்சு வந்தது, உடனே நின்றது. கீழேயே இறங்காத மனுஷன் எங்கே?

ஃபோன் இருந்த மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. அதன் மேல் ஒரு தலையணை. கைக்கெட்டுகிற தூரத்தில் தண்ணீர் ஜக்கு, மாத்திரை டப்பா, கண்ணாடி. யாரோ அந்த நாற்காலியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்து இருந்திருக்கிறார்கள். எதற்காக உட்கார்ந்திருந்தார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பக்கத்து வீடுகள்ல கேட்டுப் பாக்கறேன். நீ கீழ போயி இந்த பில்டிங் வாட்ச்மேனைக் கேளு" என்றார் காவலாளி.

மறுபடி லிஃப்டில் ஏற அவளால் முடியவில்லை, அதுவும் தனியாக. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். மூன்றாம் மாடி தாண்டியது. இரண்டாம் மாடிக்கு மேலே, படியின் திருப்பத்தில், சுவரில் சாய்ந்து ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை, ஒரு காலில்தான் செருப்பு. இன்னொன்று நாலு படி கீழே கிடந்தது. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா" என்று கூப்பிட்டார். கத்திக் கத்திப் பழகிய குரல் இப்போது நூலாகியிருந்தது. "கீழ போறியா? எனக்கு ஒரு உதவி பண்ணேன். கால் மடங்கிப்போச்சு. வீட்டுக்கு வேணாம், அந்த கோயில் ஆபீஸ் வரைக்கும் யாரையாச்சும் அனுப்பணும்."

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் தெரிந்துவிடும்.

"அங்க ஃபோன் பண்ற பொண்ணு ஒண்ணு இருக்கு. பேர்கூடத் தெரியாது. தெனமும் எட்டேகாலுக்கு டாண்ணு கூப்பிடும். ரெண்டு நாளாக் காணோம். எனக்கு மனசே சரியில்ல. தனிக்கட்டையோ என்னவோ, அதுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா யாரு போய்ப் பாப்பா? அதான் விடிஞ்சதும் கெளம்பிட்டேன். லிஃப்ட்ல நான் ஏற மாட்டேன், படியிலயே எறங்கினேன். போயிட்டு எட்டேகாலுக்குள்ள திரும்பிடலாம்னு பாத்தேன்."

அவள் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"உனக்கு அந்தப் பொண்ணைத் தெரியுமாம்மா? காய்ச்சல் கீச்சலா?"

அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். காய்ச்சல் என்று ஒரு வார்த்தை போதும். நோட்டு பிழைக்கும், இருபத்துமூன்று பேரும் அவளிடமே இருப்பார்கள், போதகரம்மா முகத்தில் விழிக்கலாம். பிறந்ததிலிருந்து அவளுக்கென்று ஒருவர் நம்பிக் கொடுத்த வேலை அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் மறுபடி பின்னறையும் அண்ணனின் சிரிப்பும்தான் மிச்சம்.

"காய்ச்சல் இல்லய்யா" என்றாள். "நான்தான் அது."

அவர் தலையைத் தூக்கினார். குரலை அடையாளம் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருந்தேன். உங்களைக் கூப்பிடாமலே கூப்பிட்டதா டிக் போட்டுட்டேன். ரெண்டு நாளும்."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு."

"என்ன பயம்?"

"உங்க சத்தத்துக்கு."

"சத்தமா? நான் எங்க சத்தம் போட்டேன்?" என்று அவர் போட்ட சத்தம் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். மேலேயிருந்து காவலாளி தடதடவென்று இறங்கி ஓடி வந்தார்.

அவர் வந்து நின்று மூச்சு வாங்குவதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "அண்ணே, நேத்து எடுத்தார்னு சொன்னது பொய். செவ்வாயும் கூப்பிடல, நேத்தும் கூப்பிடல. போதகரம்மாகிட்ட நானே சொல்றேன்." காவலாளி அவளைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், கீழே போய்ச் செருப்பை எடுத்து வந்தார்.

கிழவர் இப்போது கத்தவில்லை. "ரெண்டு நாளா குளிக்கும்போதுகூட கதவத் திறந்து வச்சிட்டுதான் குளிச்சேன்" என்று செருப்பிடம் சொல்வதுபோலச் சொன்னார். அவளுக்குக் கத்தலே தேவலை என்றிருந்தது. அழுதாள்.

ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து அவரை மேலே கொண்டுபோனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார்கள். வீட்டுக்குள் ஃபோனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, அவள் தலையணையை முதுகுக்குச் சரி செய்தாள்.

"நாளைக்குக் கூப்பிடுவியா?" என்றார்.

"தெரியலய்யா. நோட்டை எங்கிட்டயிருந்து வாங்கிடுவாங்க."

"நோட்டை யாரு கேட்டா?"

அவளுக்குப் பயம் இன்னும் போகவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எட்டேகாலுக்கு" என்றாள்.