கீரையும் கருவாடும்

கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம், அவள் ஆக்கிப்போட்ட கீரைதான் அவனைக் கொன்றது என்று சொன்னேன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னவன் நான்தான்.

அப்போது கச்சிராயபாளையத்தில் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். அவள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடியிருந்தாள். கரும்புக்குக் களையெடுக்கப் போவாள். களையோடு வரும் கீரையை மடியில் கட்டிவந்து, கருவாடு போட்டுக் குழம்பு வைப்பாள். வயிற்றுப் புற்றுநோயில் கணவன் இறந்த மாதம், "நல்லாத்தானே துன்னாரு, இது எப்டி சார் வந்துச்சு?" என்று கேட்டாள். நான் அப்போதுதான் ஒரு கட்டுரை படித்திருந்தேன். யூரியா போட்ட நிலத்துக் கீரையில் நைட்ரேட் சேரும், வாயில் அது நைட்ரைட்டாகும், வயிற்றில் கருவாட்டின் அமீன்களோடு கூடி நைட்ரோசமைன் என்கிற நஞ்சாகும் என்று வகுப்பில் நிற்பவனைப்போல விளக்கினேன். நஞ்சு என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

அன்றோடு அவள் வீட்டில் கீரை நின்றது. இரண்டு வருடம் கழித்து மகள் பிரசவத்துக்கு வந்தாள். ரத்தம் ரொம்பக் கம்மி, கீரை கொடு என்று நர்ஸ் சொல்லியும் தாய் மறுத்துவிட்டாளாம். மகளின் வெளுத்த முகத்தைப் பார்த்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால், அதற்குள் மேலும் படித்திருந்தேன். கீரையிலேயே உள்ள வைட்டமின் சி அந்தச் சேர்க்கையைத் தடுக்கக்கூடியது. கீரை தின்பதால் புற்றுநோய் வரும் என்று யாரும் நிறுவவில்லை. தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தேன்.

கடைசியில் போய்த் தாயிடம் சொன்னேன். அவள் முறத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"அப்போ அவரு எதனால செத்தாரு?"

"தெரியாதும்மா. அன்னைக்கும் எனக்குத் தெரியாது."

கீரை ஆக்கினால் அவள் எதிரிலேயே தின்கிறேன் என்றேன்.

"ஒரு நாள் துன்னா இன்னா சார் தெரியும்? அவரு இருவது வருசம் துன்னாரு."

அதனால் தினமும் போய், அவள் ஆக்கிய கீரையைத் தின்றேன். மகள் என் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைவாள். எனக்கு வயிறு லேசாக இரைந்தாலும் அவள் கை நின்றுவிடும். நான் இன்னொரு கவளம் எடுப்பேன். நான்காம் நாள் அவளும் சாப்பிட்டாள். பிரசவம் நல்லபடியாக ஆயிற்று.

தாய் மட்டும் எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தனக்கு ரசம் ஊற்றிக்கொள்வாள். ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

"ஆக்கிப்போட்டது நான்தானே சார்" என்றாள்.