முப்பத்திநாலு சைஸ் பெருமை

எனக்கும் என் கணவருக்கும் எட்டு வருடமாகச் சர்க்கரை. "தொப்பையைக் குறைங்க, நடங்க" என்று கத்தினால், "பத்து வருசமா அதே முப்பத்திநாலு சைஸ் சிலுவார்தான்லா போடுறேன்" என்று கால்சட்டையின் இடுப்பைத் தட்டிக் காட்டி என் வாயை அடைத்துவிடுவார்.

போன மாதம் பாச்சாங்கில் எங்கள் பிளாட்டின் படி ஏறும்போது, மூச்சு முட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதறிப்போய் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். இருதயத்துக்கு ஒன்றுமில்லையாம். தாதியிடமும் முப்பத்திநாலு பெருமையை எடுத்துவிட்டார். அவள் தொப்புளைச் சுற்றி டேப் வைத்தாள். நாற்பத்திரண்டு.

"சிலுவாரைத் தொப்பைக்குக் கீழ இறக்கிப் போட்டா சைஸ் எப்படி அங்கிள் மாறும்?"

தொப்பை இருக்கு என்றுதானே நானும் இத்தனை நாள் கத்தினேன்.

வீட்டுக்கு வந்து என் வயிற்றையும் அளந்து பார்த்தேன். நாற்பத்தொன்று. நாள் முழுக்க நைட்டியில் இருப்பவளுக்கு எங்கே தெரியப் போகிறது? இப்போது ஞாயிறுதோறும் இருவரும் அளக்கிறோம், தினமும் மாலையில் நடக்கிறோம். கத்துவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.