டிராகன் எரிக்காத ஊர்

பட்டாபிராமில் மின்சார ரயில் நின்றுவிட்டது. மழைக்கு ஒதுங்கி, ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள கம்ப்யூட்டர் கேம் கடைக்குள் நுழைகிறேன். கடைக்காரர் ஸ்டெல்லா கல்லாவில் இருக்கிறார்; அவருடைய கணவர் ஒரு கம்ப்யூட்டரில் கேம் ஆடிக்கொண்டிருக்கிறார். திரையில் ஒரு மந்திர ராஜ்ஜியம். அதில் பாதி ஊர் கரிக்கட்டையாகக் கிடக்கிறது. வீடுகளுக்குக் கூரை இல்லை.

"டிராகன் எரிச்சிடுச்சா?" என்கிறேன்.

"டிராகனா? எல்லாம் இவரு வேலதான் சார்," என்கிறார் ஸ்டெல்லா. "போன வருசம் மந்திரக்கோல வச்சிகினு வெளையாட்டு காட்டுனாரு. ஊரே எரிஞ்சி பூட்ச்சி. அப்பலேர்ந்து கேம்ல இவரு ஆளப் பாத்தாலே கதவச் சாத்திக்கிறாங்க."

"இந்த ஆட்டத்த அழிச்சிட்டு முதல்லேர்ந்து ஆடலாமே?" என்கிறேன்.

கணவர் திரும்பாமலே கேட்கிறார்: "அது நாயமா சார்? எரிச்சவன் நானு."

ஒரு வருடமாக அந்த ஊரில் தண்ணீர் சுமந்து மரக்கன்று நடுகிறாராம். இப்போது வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறார். ஐந்து வீடுகளில் பதில் இல்லை. ஆறாவது கதவு திறக்கிறது. ரொட்டிக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, ஒரு ரொட்டியை நீட்டுகிறாள்.

"ஸ்டெல்லா! குடுக்குறா, பாரு!" மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தே விடுகிறார். எந்தப் பட்டனை அழுத்துவதென்று தெரியாமல் விழிக்கிறார்.

"மொதல்ல வாங்குயா," என்கிறார் ஸ்டெல்லா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆறிடப் போவுது."